ஜெபம் படாத மாவு

ஓசூரில் கம்பெனி வேலை, மாதம் பிறந்தால் சம்பளம், ஞாயிற்றுக்கிழமை ஆலயம் என்று எங்கள் வாழ்க்கை ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. அதைக் கலைத்தது கிருஷ்ணகிரியில் நடந்த ஒரு கூட்டம். தொழில் செய்துகொண்டே ஊழியம், அதாவது இயேசுவை ஊருக்குச் சொல்கிற வேலை, செய்வது எப்படி என்று சொல்லித்தரும் கூட்டம் அது. என் கணவர் சாதாரணமாகத்தான் போனார். மதியச் சாப்பாடு பிரியாணி என்று சொல்லியிருந்தார்கள். திரும்பி வந்தபோது ஆளே வேறாக இருந்தார். செருப்பைக் கழற்றும்போதே, ஏதாவது ஒரு கிராமத்துக்குப் போய் மாவு மில் வைக்கலாமா என்று கேட்டார். விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று நினைத்து, வைத்தால் மிளகாய் அரைக்கிற வேலை உங்களுடையது, எனக்குத் தும்மல் வரும் என்றேன். அவர் சரி என்றார். அந்தச் சரியில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

அந்தக் கூட்டத்தில் சொன்னதை அவர் என்னிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். துண்டுப் பிரதி கொடுக்காதே. மைக் கட்டாதே. யாரையும் ஆலயத்துக்கு வா என்று கூப்பிடாதே. ஊருக்கு வேண்டிய ஒரு தொழிலை நேர்மையாகச் செய். பொய் சொல்லாதே. ஒருநாள் அவர்களே வந்து உன்னிடம் கேட்பார்கள், நீ மட்டும் ஏன் இப்படி இருக்கிறாய் என்று. அப்போது வாயைத் திற, அதுவரை மூடிக்கொண்டிரு. உண்மையைச் சொன்னால் எனக்கும் அது பிடித்திருந்தது. பஸ் ஸ்டாண்டில் நின்று கத்துகிறவர்களைப் பார்த்து, நானும் அதே சாமியைக் கும்பிடுகிறவள்தான் என்று காட்டிக்கொள்ளாமல் நடந்துபோனவள் நான்.

பாப்பாரப்பட்டி தாண்டி ஒரு ஊர் அமைந்தது. அங்கே மாவு அரைக்க வேண்டுமென்றால் கேழ்வரகையும் மிளகாயையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏற வேண்டும் என்று கேள்விப்பட்டதும், ஆண்டவர் இடத்தைக் காட்டிவிட்டார் என்று அவருக்கு ஒரே சந்தோஷம். எனக்கு அது பஸ் வசதி சரியில்லாத ஊராகத்தான் தெரிந்தது. ரோட்டோரம் ஷட்டர் போட்ட ஒரு கட்டடம். முன்னால் மில், பின்னால் எங்கள் குடித்தனம். கேழ்வரகுக்கு ஒரு மெஷின், மிளகாய் மல்லிக்கு ஒன்று, அரிசிக்கென்று தனியாக ஒன்று. மெஷின் ஓட வேண்டிய த்ரீ பேஸ் கரண்ட் வருகிற நேரம்தான் எங்களுக்கு வேலை நேரம். கரண்ட் வந்துவிட்டால் பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிக்கொண்டு ஓடுவார். நான் முன்னால் உட்கார்ந்து யாருடைய டப்பா யாருடையதற்குப் பின்னால் என்று பார்த்துக்கொள்வேன். அந்த வரிசை மாறினால் வருகிற சண்டையைப் போதகரே வந்தாலும் தீர்த்து வைக்க முடியாது.

ஊர் எங்களை ஏற்றுக்கொண்டது. மாவு சலிக்கிற வேலை இல்லை, நறநறப்பு இல்லை, அளவில் ஒரு பிடி குறையாது என்று பேர் வந்தது. மூன்று வருடம் ஓடியது. அவர் அந்தக் கேள்விக்காகக் காத்துக்கொண்டேயிருந்தார். கேள்விகளுக்கு அந்த ஊரில் பஞ்சமே இல்லை. பிள்ளைகளை ஏன் ஹாஸ்டலில் விட்டிருக்கிறீர்கள், பூர்வீகம் எந்தப் பக்கம், என்ன ஆளுங்க, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏன் ஷட்டர் பூட்டிக் கிடக்கிறது, கரண்ட் இன்றைக்கு எப்போது வரும். அவருக்கு வேண்டிய கேள்வியை மட்டும் யாரும் கேட்கவில்லை. இன்றைக்காவது கேட்டார்களா என்று நான் சாயங்காலத்தில் சீண்டுவேன். அவர் சிரித்துவிட்டுத் தலைமுடியில் படிந்த மாவைத் தட்டிவிடுவார். மூன்றாவது வருடத்தில் அந்தச் சிரிப்பு குறைந்துபோனது. நானும் சீண்டுவதை நிறுத்திக்கொண்டேன்.

எதிர்வீட்டில் ஒரு அக்கா. ஐம்பதைத் தாண்டியவர். வீட்டுக்காரர் வயல்காட்டு வேலையோடு சரி, மற்ற எல்லாவற்றுக்கும் அக்காதான். நாங்கள் வந்து இறங்கிய நாளில் ஒரு முறம் நிறைய அவரைக்காய் கொண்டுவந்து கொடுத்தவர். என்னை எதிலும் வேற்று ஆளாக வைத்ததில்லை. பொங்கலுக்கும் மாரியம்மன் பண்டிகைக்கும் தெரு முழுக்கப் படைத்த சாப்பாடும் பலகாரமும் கொடுத்துவிட்டு, எங்கள் வீட்டுக்கு மட்டும் கடையில் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கி வருவார். சாமிக்கு முன்னால் வைத்ததை நாங்கள் சாப்பிட மாட்டோம் என்று முதல் வருடமே நான் தயங்கித் தயங்கிச் சொல்லியிருந்தேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. இது நேராகக் கடையிலிருந்து வருது, எங்கேயும் வைக்கவில்லை, தைரியமாகச் சாப்பிடுங்க என்று வாசலிலேயே சொல்லிவிட்டுக் கொடுப்பார். அந்த வாழைப்பழத்தை வாங்கும்போதெல்லாம் எனக்குக் கூச்சமாக இருக்கும்.

இந்தப் படைத்தது, படைக்காதது என்கிற விஷயம் எங்கள் மில்லுக்குள்ளேயே முதல் வருடம் வந்தது. சித்திரையில் மாரியம்மன் பண்டிகை. பெண்கள் விரதம் இருந்து, பச்சரிசியை ஊறவைத்து அரைத்து, வெல்லம் சேர்த்துப் பிசைந்து, நடுவில் குழி செய்து நெய்யூற்றித் திரி போட்டு மாவிளக்கு எடுப்பார்கள். அந்த அரிசி மில்லுக்குத்தான் வரும். எங்கள் சபையில் ஒரு பெரியவர், அந்த மாவை நம் கையால் அரைத்துக் கொடுக்கலாமா என்று கேட்டுவிட்டார். என் கணவருக்கு ஒரு வாரம் சாப்பாடு இறங்கவில்லை. மாட்டேன் என்றால் ஊரில் இருக்க முடியாது. அரைத்தால் மனசாட்சி விடாது. கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். மில்லுக்கு வருகிற ஒவ்வொரு டப்பாவின் மேலும் கையை வைத்து, இயேசுவின் நாமத்தில் இந்த மாவைச் சாப்பிடுகிற வீட்டை ஆசீர்வதியும் என்று ஜெபித்துவிட்டு அரைப்பது. மாவிளக்கு மாவென்று இல்லை, களி மாவு, குழம்பு மிளகாய், எல்லாவற்றுக்கும்தான். அப்புறம் அவர்கள் அதை எங்கே கொண்டுபோனாலும் அது அவர்கள் பாடு. மெஷின் ஓடுகிற சத்தத்தில் யாருக்கும் கேட்காது. உதடு அசைவது எனக்கு மட்டும் தெரியும். அந்த ஜெபம் இல்லாமல் அவர் ஒரு படி மாவும் அரைத்ததில்லை.

எனக்கு அதில் தப்பு தெரியவில்லை. ஒருத்தருக்கு நல்லது நடக்கட்டும் என்று நினைப்பதில் என்ன குறை வந்துவிடும் என்றுதான் இருந்தேன்.

அக்காவின் ஒரே மகளை மாரண்டஹள்ளிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கல்யாணமாகி ரொம்ப வருடம் குழந்தை இல்லை. இரண்டு முறை தங்கிக் கலைந்துபோனது. நாங்கள் வந்த மூன்றாவது வருடம் மறுபடியும் உண்டாகி, பண்டிகை சமயத்தில் ஆறு மாதம். குழந்தை தக்கி நல்லபடியாகப் பிறக்க வேண்டும் என்று அக்கா மாவிளக்கு வேண்டிக்கொண்டிருந்தார். ஊர் முழுக்க அது தெரியும். பண்டிகைக்கு முந்தின நாள் காலையில், தலைக்கு ஊற்றிய ஈரம் காயாமல், மஞ்சள் சேலையில் அரிசிக் கூடையோடு முதல் ஆளாக வந்து நின்றார். பின்னால் இன்னும் சில பெண்கள். என் கணவர் முந்தின நாளே அரிசி மெஷினைக் கழற்றிக் கழுவி, மிளகாய் மெஷினுக்கும் அதற்கும் நடுவில் படுதா கட்டி வைத்திருந்தார். யாரும் கேட்டுச் செய்ததல்ல. விரதம் இருக்கிறவர்களுடைய மாவில் மிளகாய் நெடி ஏறக் கூடாது என்று அவராகச் செய்தது.

அக்காவின் அரிசி அரைபட்டு முடிந்தது. என் கணவர் மெஷினை நிறுத்தினார். அக்கா மாவை ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிறைவு. மற்ற பெண்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு என் கணவரிடம் கேட்டார்.

"ஏந்தம்பி, எல்லா மில்லும்தான் மாவு அரைக்குது. உங்களுது மட்டும் ஏன் இப்படி இருக்குது? என்னதாங்க பண்றீங்க?"

மூன்று வருடமாகக் காத்திருந்த கேள்வி. கிட்டத்தட்ட அந்தக் கூட்டத்தில் சொல்லிக் கொடுத்த அதே வார்த்தைகள். என் கணவரின் முகத்தைப் பார்த்தேன். கரண்ட் போகக் கூடாதா, மெஷின் ஓடக் கூடாதா, யாராவது வந்து எதையாவது கேட்கக் கூடாதா என்று இருந்தது. ஒன்றும் நடக்கவில்லை. நான் கண்ணைக் காட்டினேன். அவர் என் பக்கமே பார்க்கவில்லை.

கண் கலங்கச் சொன்னார். ஒவ்வொரு டப்பாவுக்கும் கை வைத்து இயேசுவின் நாமத்தில் ஜெபம் செய்கிறேன், உங்கள் வீடெல்லாம் நன்றாக இருக்க வேண்டும் என்று கேட்டுத்தான் அரைக்கிறேன் என்றார்.

அக்கா கூடையிலிருந்த மாவைக் குனிந்து பார்த்தார். பிறகு, "இந்த மாவுக்குமாங்க?" என்றார்.

"இதுக்கு ரெண்டு தடவைங்க அக்கா. வயித்துல இருக்கற பாப்பாவுக்காகவும் சேத்து" என்றார் அவர்.

அதை அவ்வளவு அன்பாகச் சொன்னார். இப்போது நினைத்தாலும் எனக்கு அழுகை வருகிறது. பின்னால் நின்றிருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, சத்தம் போடாமல் தங்கள் கூடைகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்கள். அக்கா விரலில் ஒட்டியிருந்த மாவைத் துடைக்காமல் கையை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும். பயந்துபோயிருந்தார்.

"அத திருப்பி எடுத்துக்க முடியுங்களா, தம்பி?" என்று கேட்டார். "சொன்னது இல்லன்னு ஆயிடற மாதிரி ஏதாச்சும் சொல்லுவீங்களா, உங்கள்ல?"

 இதற்கு என்ன பதில் சொல்வது என்று எந்தக் கூட்டத்திலும் யாரும் சொல்லித்தரவில்லை. நான் குறுக்கே போய், அக்கா, நல்லதைத்தானே கேட்டிருக்கிறார், கெடுதலாக ஒன்றும் சொல்லவில்லையே என்றேன். அக்கா என் பக்கம் திரும்பினார்.

"நீங்க எங்க ஆத்தாளுக்கு வச்சதத் தொடறதில்ல. நான் ஒரு நாளும் தப்பா நெனச்சதில்ல, வாழைப்பழந்தான் வாங்கியாந்தேன். இன்னொருத்தருக்குச் சொல்லி வச்சத நான் அவளுக்கு எப்படிம்மா கொண்டுபோவேன்? அவளும் உங்கள மாதிரிதான்னு நெனச்சுக்கோ."

  மாவைக் கூடையோடு எங்களிடமே விட்டுவிட்டு, இட்டிலிக்கோ எதற்கோ வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் போய்விட்டார். அவர் கதவைச் சாத்துகிற சத்தம் எங்களுக்குக் கேட்டது.

அன்று முழுக்க மில்லுக்கு ஈ காக்கை வரவில்லை. என் கணவர் அரிசி மெஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவர் மேல், அந்தக் கூட்டம் நடத்தியவர்கள் மேல், பிரியாணி மேல்கூட. உள்ளே போய்ப் பாத்திரங்களைப் போட்டு உருட்டினேன். 

சாயங்காலம் அக்கா திரும்ப வந்தார். வாசற்படிக்குக் கீழே நின்றுகொண்டு பேசினார். மறுபடி அரிசி ஊறவைத்திருக்கிறாராம். காலையில் பஸ்ஸைப் பிடித்து அரைத்து வர நேரம் போதாதாம். மற்றவர்களிடம் பேசிவிட்டாராம். ஜெபம் பண்ணாமல் அரைத்துக் கொடுக்கிறேன் என்று தம்பி ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் பொய் சொல்லாத மனிதர், பண்ண மாட்டேன் என்றால் பண்ண மாட்டார் என்று எல்லோருக்கும் தெரியும் என்றார். மூன்று வருடம் நேர்மையாக நடந்ததற்குக் கிடைத்த மரியாதை அதுதான்.

அதோடு இன்னொன்றும் கேட்டார். பிரசவம் ஆகிற வரைக்கும் என் மகளை உங்கள் ஜெபத்தில் சேர்க்க வேண்டாம். இரண்டு பக்கமும் சொல்லி வைத்தால் ஆத்தா கோபித்துக்கொண்டு விலகிவிடுவாள், இரண்டு பிள்ளை போய்விட்டது, இதையும் விட்டுக்கொடுக்க முடியாது என்று கையைக் கூப்பினார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் எங்கள் வாசலில் கைகூப்பி நிற்கிறார். என் கணவர் பதறி எழுந்து, சரிங்க அக்கா, பண்ணல என்று சொல்லிவிட்டார்.

அக்கா போனதும் அவர் என்னிடம் கேட்டார். "ஜெபம் பண்ணாம அரைக்கறதுன்னா, நாம எதுக்கு இங்க வந்தோம்?"

மாவு அரைக்கத்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன். காலையில் நான் அரைக்கிறேன், நீங்கள் மெஷின் பக்கம் வராதீர்கள் என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் பெண்கள் எல்லோரும் வந்தார்கள். என் கணவர் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார். அப்போதும் ஒருத்தி, வாய்க்குள்ளேயே முணுமுணுத்துவிட்டால் நமக்கு எப்படித் தெரியும் என்று கேட்டுவிட்டாள். அக்கா அவளை அதட்டினார். ஆனால் என் கணவர் காதில் அது விழுந்துவிட்டது. ரோட்டைத் தாண்டி உள்ளே வந்து, குடத்திலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு, முழுவதையும் வாயில் ஊற்றிக்கொண்டார். விழுங்கவில்லை. கன்னம் இரண்டும் உப்பிப்போக, திரும்பப் போய் எல்லோரும் பார்க்கிற மாதிரி வெயிலில் நின்றார். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. அத்தனை அரிசியும் அரைபட்டு முடிகிற வரைக்கும் அவர் அப்படியேதான் நின்றார்.

நான் மெஷினைப் போட்டேன். அக்காவின் அரிசியை முதலில் கொட்டினேன். கீழே மாவு வெதுவெதுப்பாக விழுந்தது. கூடையை நகர்த்திப் பிடிக்கும்போது கை மாவில் பட்டது. ஜெபம் என்றால் அவர் சொல்வார், நான் ஆமென் சொல்வேன். அதுதான் எங்கள் வீட்டு வழக்கம். டப்பா மேல் கை வைத்து நானாக ஒரு நாளும் எதையும் கேட்டதில்லை. அன்றைக்கு அந்த மாவின் சூடு கையில் ஏறியதும், ஆண்டவரே, அந்தப் பெண்ணுக்கு என்று தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். மோட்டார் மேல் ஒட்டியிருந்த கம்பெனிப் பெயரைத் திரும்பத் திரும்பப் படித்தேன். வாழ்க்கையில் உண்மையாகவே ஒருத்திக்காக ஜெபிக்கத் தோன்றியது அன்றைக்குத்தான். அன்றைக்குப் பார்த்து அது கூடாது.

மாவிளக்கு நல்லபடியாக நடந்தது. அக்கா மறுநாள் வழக்கம்போல வாழைப்பழம் கொண்டுவந்தார், வழக்கம்போலச் சொல்லிக் கொடுத்தார். மில்லும் பழையபடி ஓடத் தொடங்கியது. அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். ஆனால் டப்பாவை வைக்கும்போதே, சும்மா அரைச்சுக் குடுங்க போதும் என்று சொல்லிவிடுவார்கள். அவர் தலையாட்டுவார். அரிசி மெஷினை இப்போது நான்தான் ஓட்டுகிறேன். மற்றவற்றை அவர் ஓட்டுகிறார், உதடு அசைவதில்லை. கூட்டம் நடத்தியவர்களிடமிருந்து போன் வரும், ஊழியம் எப்படி நடக்கிறது என்று. மில் நன்றாக ஓடுகிறது என்பார். அதுவும் பொய்யில்லை.

ஆடி மாதம் அக்காவின் மகள் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், குழந்தை நல்லபடியாகப் பிறந்தது, பெண் குழந்தை, தாயும் சுகம். நான் சொல்ல வந்தது அந்தக் காலை நேரத்தை. விடிந்ததும் விடியாததுமாக எதிர்வீட்டில் சத்தம் கேட்டு ஓடினோம். பனிக்குடம் உடைந்திருந்தது, குழந்தை தலை மேலாகத் திரும்பியிருக்கிறது என்று ஊர் நர்ஸம்மா போனில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். தெருவே கூடிவிட்டது. ஒருத்தி மஞ்சள் துணியில் காசு முடிந்தாள். ஒருத்தி திருநீறு கொண்டுவந்து நெற்றியில் பூசினாள். ஒரு பெரியவர் வீதியிலேயே கோயில் இருந்த திசைக்குக் கும்பிட்டு நின்றார். நாங்கள் கையில் ஒன்றுமில்லாமல் எங்கள் ஷட்டருக்கு முன்னால் நின்றோம்.

மகளை ஏற்றிவிட்டு அக்காவும் ஏறினார். கதவைச் சாத்துவதற்கு முன்னால் எங்கள் இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்தார். செய்யுங்கள் என்கிறாரா, சொன்ன சொல்லைக் காப்பாற்றுங்கள் என்கிறாரா, எனக்கு இன்றுவரை தெரியவில்லை. வண்டி தருமபுரிப் பக்கம் போய்விட்டது. அந்தத் தெருவில் அவளுக்காக வேண்டிக்கொள்ளாமல் நின்றது, வேண்டிக்கொள்வதற்கென்றே அந்த ஊருக்கு வந்த நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான்.

உள்ளே வந்தோம்.  என் கணவரின் உதடு துடிப்பதைப் பார்த்தேன். சொல்லிவிடுங்கள், யாருக்குத் தெரியப்போகிறது என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் அவர் குடத்தடிக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீரை மொண்டு வாயில் ஊற்றிக்கொண்டார். பிறகு இன்னொரு டம்ளர் மொண்டு என்னிடம் நீட்டினார்.